தை மழை

பொங்கல் முடிந்த வாரம். விடிந்ததும் மகாலட்சுமி தோட்டத்துக்குப் போனாள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, தலைக்கு மேல் தொங்கிய கொத்து ஒன்றிலிருந்து இரண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். பன்னீர் திராட்சை. இனிப்பு முழுசாக ஏறியிருந்தது. தோல் விறைத்துப் போயிருந்தது. இனிமேல் ஒரு நல்ல மழையைக்கூட அந்தத் தோல் தாங்காது.

வெளியே வந்து கிழக்கே பார்த்தாள். மேகமலையின் உச்சி தெரியவில்லை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று முந்தின நாளே செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் கல்யாணமாகி சுருளிப்பட்டிக்கு வந்த காலத்தில், தை பிறந்துவிட்டால் திராட்சைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையோடு மழை முடிந்துவிடும். அதைக் கணக்குப் பண்ணித்தான் புரட்டாசியில் புதுத் துளிர் வரக் கொடியைக் கவாத்து வெட்டுவது. இப்போது அந்தக் கணக்கு நிற்பதில்லை. போன சித்திரையில் அடித்த வெயிலில் பூங்கொத்து கருகிக் கொட்டியது. அடுத்த வெள்ளாமையில் ஓயாத தூறலில் இலையெல்லாம் செவட்டை நோய் விழுந்தது. மருந்தடித்து மருந்தடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மூன்றாவதாக இது. இந்தத் தடவை காய் பிடித்தது முதல் ஒரு குறையும் இல்லை. இரண்டு ஏக்கரிலும் கொத்து கொத்தாகக் கறுத்துத் தொங்கியது.

போனை எடுத்து விஜய்ராஜைக் கூப்பிட்டாள். கம்பத்தில் திராட்சை மொத்த வியாபாரம் செய்கிறவன். கவாத்து வெட்டும்போது உரத்துக்கும் மருந்துக்கும் அவன்தான் அட்வான்ஸ் கொடுப்பான். பழம் பழுத்ததும் அவனே ஆள்விட்டு வெட்டி, அன்றைய விலைக்கு எடுத்துக்கொண்டு அட்வான்ஸைக் கழிப்பான். இரண்டு வெள்ளாமை போனதில் கழிய வேண்டியது கழியாமல் ஏறிக்கொண்டே போயிருந்தது. அதனால் பழம் அவர்களுடையது என்றாலும், எப்போது வெட்டுவது என்பது அவன் கையில் இருந்தது.

"அக்கா, வெட்ட மாட்டேன்னா சொல்றேன்?" என்றான் விஜய்ராஜ். "மகரவிளக்கு முடிஞ்சு சாமிமார் வண்டியெல்லாம் போயிருச்சு. மலையாளத்துல வாங்குறதுக்கு ஆள் இல்ல. போன லோடே அங்கன தேங்கிக் கெடக்கு. நாலு நாள் பொறுங்க."

"மழை வரும்ங்கிறாகளே தம்பி. பழம் முத்திருச்சு. வெடிச்சுருமே."

"இந்த தாழ்வெல்லாம் நாகப்பட்டினத்தோட போயிரும்க்கா. நம்ம பக்கம் வராது. கர்ணன் அண்ணன்கிட்டயும் சொல்லுங்க, நாலு நாள்."

கர்ணன் அவள் புருசன். அந்நேரத்துக்கு அவன் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்திருப்பான். போன கோடையில் பூ கருகியபோதே அவன் சொன்னான், கொடியைப் பிடுங்கிவிடுவோம், கொஞ்ச நாள் நிலம் சும்மா கிடக்கட்டும் என்று. மகாலட்சுமிதான் கேட்கவில்லை. கல்தூணும் கம்பியும் போட்டுப் பந்தல் அமைத்து, கொடி காய்க்க ஆரம்பித்து எத்தனை வருசம் ஆகிறது, ஒரு வெயிலுக்குப் பயந்து பிடுங்குவதா என்று சண்டை போட்டாள். அவன் பேசாமல் இருந்துவிட்டான். அடுத்த மாதமே கம்பத்தில் ஒருவரிடம் ஜீப் ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்தான். வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காலையில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வர வேண்டும். அவன் ஜீப்பில் ஏறுகிற பெண்களில் பாதிப்பேர் முன்பு அவன் தோட்டத்தில் கூலிக்குக் கவாத்து வெட்டியவர்கள். சண்முகத்தாய் அதில் ஒருத்தி. கீழே திராட்சை நிச்சயமில்லை என்றானதும் எல்லாரும் மலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

விஜய்ராஜிடம் பேசிவிட்டு மகாலட்சுமி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. கேரளா நம்பர். ஓட்டி வந்தவர் இறங்கி, பந்தலுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"சேச்சி, பழம் கொள்ளாம், நல்லாருக்கு. ஆருடையதா?"

"எங்களுதுதான். வியாபாரி பேசி வச்சிருக்காரு."

"எனிக்கு நாளை கட்டப்பனையில ரெண்டு கல்யாணம், பின்னே ஒரு பள்ளிப் பெருநாள், சர்ச் திருவிழா. நல்ல பழம் வேணும். இன்னைக்கே வெட்டித் தந்தா காசு கையில." அவர் சொன்ன விலை விஜய்ராஜ் போன வாரம் சொன்னதை விட அதிகமாக இருந்தது. "வண்டி கொள்ற அளவு எடுத்துக்கிறேன். பாக்கி வேணும்னா என் தம்பியோட வண்டியும் வரும். ஆனா நனையாம வேணும். மழை பட்ட பழம் மலை ஏறுமுன்னே கெட்டுப் போகும்."

மகாலட்சுமி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அட்வான்ஸ் வாங்கிய பழத்தை வேறொருவனுக்குப் போட்டால் விஜய்ராஜ் இனிமேல் வாசல் மிதிக்க மாட்டான். அவன் வராத தோட்டத்துக்குக் கம்பத்தில் வேறு எந்த வியாபாரியும் வர மாட்டான். அவர்களுக்குள் அப்படி ஒரு கட்டு. ஆனால் மழை வந்துவிட்டால் விஜய்ராஜுக்கும் இல்லை, இவளுக்கும் இல்லை. பழத்தை விற்றுக் காசாக அவன் கையில் கொடுத்தால் எப்படி வேண்டாம் என்பான்?

மேகமலைப் பக்கம் மறுபடி பார்த்தாள். மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது.

"ரெண்டு வண்டியும் கொண்டாங்க," என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று உறைத்தது. விஜய்ராஜ் ஆட்களைக் கூப்பிட முடியாது. ஊருக்குள் ஒவ்வொரு வீடாகப் போனாள். பூட்டிக் கிடந்தன, அல்லது நடக்க முடியாதவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். கத்தரி பிடிக்கத் தெரிந்த கை எல்லாம் மலையில் இருந்தது. அவற்றைக் காலையில் ஏற்றிக்கொண்டு போனவன் அவள் புருசன்.

கர்ணனுக்குப் போன் போட்டாள். ஏலத் தோட்டத்தில் ஜீப் நிறுத்துகிற இடத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். மூன்றாவது தடவையில் எடுத்தான்.

"ஏங்க, ஒரு மலையாளத்துக்காரர் வந்திருக்காரு. கைமேல காசு. இன்னைக்கே வெட்டணும். நீங்க நம்ம ஆளுகள மத்தியானமே கூட்டிக்கிட்டு இறங்கிருங்க. முழு நாள் கூலி நான் குடுத்துர்றேன்னு சொல்லுங்க. சண்முகத்தாயக்கா இருந்தாப் போதும், மத்தவகளச் சேத்துக்கிரும்."

"விஜய்ராஜுக்கு என்ன சொல்லுவ?" என்றான் கர்ணன்.

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல ஆளுகளக் கேளுங்க."

"சரி. கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

அவள் வீட்டில் இருந்த கத்தரிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். பக்கத்துத் தோட்டத்து அன்னத்தாயைக் கூப்பிட்டாள். அன்னத்தாய் வீட்டில் போன வருசமே கொடியைப் பிடுங்கியிருந்தார்கள். கல்தூண்களை வரப்போரம் அடுக்கி வைத்து விலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் விற்கிறபோது யார் வாங்குவது? அன்னத்தாய் ஒன்றும் கேட்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பேரும் ஒரு வரிசையை முடிப்பதற்குள் போன் அடித்தது.

"மகா, ஆகல," என்றான் கர்ணன். "பொம்பளைக வர மாட்டேங்கிறாக. பாதி நாள்ல இறங்குனா நாளைக்கி எஸ்டேட்ல சேக்க மாட்டானாம். மேனேஜரும் சத்தம் போடுறான், ஆளக் கூட்டிக்கிட்டுப் போனா உன் ஜீப்பு இனி கேட்டுக்குள்ள வராதுன்னு."

"நீங்க மட்டுமாச்சும் வாங்க. ரெண்டு கை கூடுனா ஆகும்ல."

"மத்தியானம் உர மூட்டை ஏத்தணும்கிறாக. முடியாது புள்ள. வெட்டுற வரைக்கும் வெட்டு."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கையை உயர்த்தினாள். பந்தல் வேலை முழுக்க அண்ணாந்து செய்வது. கழுத்து முதலில் வலிக்கும், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் வலியே தெரியாது. மலையாளத்துக்காரர் தானே பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். அவருடைய தம்பி வண்டியோடு வந்து, வெட்டின பழம் ஒரு வண்டிக்கே காணாது என்று பார்த்ததும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெற்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நாளைக் கல்யாணத்துக்குப் பழம் காணாது, சின்னமனூர்ப் பக்கம் வேறு தோட்டம் பார்க்கிறேன் என்றான்.

மத்தியானம் தாண்டியதும் காற்று நின்றது. இலை ஒன்றுகூட ஆடவில்லை. பந்தலுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி விழுந்த சத்தம் இலையில் கேட்டதும் மலையாளத்துக்காரர் வண்டியைத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினார்.

"மதி சேச்சி. இனி வெட்டுனா எடுக்க முடியாது."

"இன்னும் ரெண்டு பெட்டி. இந்த வரிசை நனையல, பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பெட்டிக்கு நின்றார். காசை எண்ணி அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். தோட்டத்தில் கால்வாசிகூட வெட்டவில்லை.

அவர் போன பிறகும் மகாலட்சுமி வெட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு வெட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இலையில் தேங்கிய தண்ணீர் முகத்தில் கொட்டியது. அன்னத்தாய்தான் வந்து கத்தரியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"விடு மகாலட்சுமி. போதும். வா, வீட்டுக்குப் போவோம்."

கர்ணன் வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை. அவன் அரிசியைக் களைந்து உலையில் போட்டான். அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. மலையில் மாட்டிக்கொண்டு அவனும் தவித்திருப்பான் என்று நினைத்தாள்.

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் வெயில் வந்தது. அதுதான் மோசம். தண்ணீர் குடித்து ஊதிய பழமெல்லாம் வெயில் பட்டதும் வெடித்தது. கொத்துகளிலிருந்து சாறு சொட்டியது. பந்தலுக்குக் கீழே மண் கறுப்பாகப் பிசுபிசுத்தது. புளித்த வாடையும் குளவியுமாக உள்ளே போக முடியவில்லை. விஜய்ராஜ் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை கிடையாது. அன்றைக்குச் சண்முகத்தாய் தோட்டத்துக்கு வந்தாள். வரப்பில் நின்று பந்தலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆத்தா இப்படிக் கெடக்கு! கம்மா ஒடஞ்சு போன மாதிரி இருக்கே."

"என்ன செய்யிறது அக்கா. நீங்க வந்திருந்தா பாதியாச்சும் தப்பிச்சிருக்கும்," என்றாள் மகாலட்சுமி. குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"எப்ப வந்திருந்தா?"

"மழைக்கி முன்ன. மத்தியானமே இறங்கி வாங்கன்னு அவுககிட்ட சொல்லி விட்டேன்ல. நீங்கதான் மாட்டேன்னுட்டீக. உங்க பொழப்பும் இருக்கு, நான் தப்புச் சொல்லல."

சண்முகத்தாய் அவளையே பார்த்தாள்.

"எங்ககிட்ட யாரும் கேக்கலையே ஆத்தா. அன்னைக்கி செவ்வாக்கெழம. மேனேஜர் ஏலக்காய ஏலத்துல போடுறதுக்குப் புத்தடி போயிட்டாரு. அந்தாளு எஸ்டேட்லயே இல்ல. கர்ணன் ஜீப்புக்குள்ள கண்ண மூடிப் படுத்திருந்தாரு. நான்கூட மேலுக்கு முடியலையான்னு கேட்டேன், ஒண்ணும் இல்லைன்னாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் தோட்டத்துக்கு வர மாட்டேன்னு நாங்க சொல்லுவமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஓடி வந்திருப்போம்."

மகாலட்சுமி மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சண்முகத்தாய்க்குத் தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

கர்ணன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். தேங்கிய தண்ணீர் வடிவதற்காக. மகாலட்சுமி அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

"சண்முகத்தாயக்கா வந்துச்சு."

மண்வெட்டி நின்றது.

"அவுககிட்ட கேட்டீகளா, இல்லையா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "கேக்கல," என்றான்.

"மேனேஜரு?"

"அந்தாளு அன்னைக்கி இல்ல."

"உர மூட்டை?"

அவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கையால் வழித்தான். மகாலட்சுமி சத்தம் போடத்தான் வாயைத் திறந்தாள். மெதுவாகத்தான் வந்தது.

"ஏன்?"

கர்ணன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்தான்.

"மழை வரட்டும்னு இருந்துச்சு," என்றான். "நெசமாத்தான் சொல்றேன். நீ போன் பண்ணப்ப மொதல்ல எறங்கிப் போயி அவுகளக் கூப்பிடத்தான் நெனச்சேன். பாதி தூரம் நடந்தேன். அப்புறம் கால் நின்னுருச்சு. இன்னைக்கி வெட்டிக் காசு பாத்துட்டோம்னா நீ திரும்பவும் கவாத்து வெட்டணும்ப. திரும்ப மருந்து, திரும்ப உரம். சித்திரை வெயிலு வரும். அது தப்பிச்சா ஆடிச் சாரல் வரும். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை, இந்தத் தடவைன்னு... இதுவும் போயிருச்சுன்னா நீயே விட்ருவோம்னு சொல்லுவ. நான் சொன்னா நீ கேக்க மாட்ட. மழை சொன்னா நீ கேப்பன்னு நெனச்சேன்."

"நான் மழையில நின்னு வெட்டிக்கிட்டு இருந்தேன்ங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அங்கன படுத்திருந்தீகளா?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அழுகிறானா என்று தெரியவில்லை. பார்க்கவும் அவள் நிற்கவில்லை. பந்தலுக்குள் போய், குளவிகளுக்கு நடுவே, கையில் கிடைத்த கொத்துகளையெல்லாம் பிய்த்துத் தரையில் எறிந்தாள். சாறு முழங்கை வரை ஒழுகியது. ஒரு குளவி கொட்டியது. அதற்குப் பிறகுதான் வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை. அவன் விடியற்காலையில் ஜீப்புக்குப் போனான், இருட்டினதும் வந்தான். சோறு எடுத்து வைத்தாள், தின்றான். அவளுக்கு அவன் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் தனியாகத் தோட்டத்தில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளும்போது இன்னொன்றும் தெரிந்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காசு கைக்கு வந்திருந்தால் அவள் கவாத்து என்றுதான் சொல்லியிருப்பாள். தை மழை இந்த வருசம் மட்டும் வந்ததா? இரண்டு வருசத்துக்கு முன்னாலும் வந்தது. அப்போது ஏதோ தப்பிப் பெய்தது என்றார்கள்.

மாசி பிறந்து ஒரு நாள் காலையில், அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"விட்ருவோம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொன்னபடியே செய்வோம். கொடியப் பிடுங்கிருவோம். ஆனா எனக்காகன்னு மழையக் கூப்பிட்டீகளே, அத நான் மறக்க மாட்டேன்."

"சரி," என்றான் கர்ணன்.

சனிக்கிழமை சாயங்காலம் விஜய்ராஜ் பைக்கில் வந்தான். கர்ணனும் இருந்தான். விஜய்ராஜ் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கண் கீழே கறுத்திருந்தது.

"பிக்கப்காரனுக்குப் போட்டீகளாமே அக்கா," என்றான்.

மகாலட்சுமி அந்தக் காசை அப்படியே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "உனக்குத்தான் தம்பி வச்சிருக்கேன். அட்வான்ஸ்ல கழிச்சுக்க."

"இருக்கட்டும்க்கா. நானாச்சும் அன்னைக்கே வெட்டியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு." காசை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். "கவாத்து எப்ப போடுறீக? மாசிக் கடைசியில போட்டா ஆடிச் சாரலுக்கு முன்ன வெட்டிரலாம். மருந்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"விட்ரலாம்னு இருக்கோம் தம்பி," என்றான் கர்ணன். "பிடுங்கிருவோம்னு முடிவு பண்ணிட்டோம்."

விஜய்ராஜ் ஆச்சரியப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"நல்லதுதாண்ணே. என்னையக் கேட்டா நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா மிச்ச அட்வான்ஸ என்ன பண்ணுவீக?"

"கொஞ்சங்கொஞ்சமா ஜீப்பு ஓட்டி..."

"அண்ணே, அது எங்காசு இல்ல. நான் தேனியில ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் உங்களுக்கு, இன்னும் பத்துத் தோட்டத்துக்குக் குடுத்திருக்கேன். தோட்டம் இருக்கு, பழம் வரும்னு சொல்லித்தான் அவர நிறுத்தி வச்சிருக்கேன். கர்ணன் கொடியப் பிடுங்கிட்டாருன்னு தெரிஞ்சா மறுநாள் என் வீட்டுல நிப்பாரு. நான் உங்க வீட்டுல நிக்கணும். தோட்டம் இருந்தா எத்தன வெள்ளாமைக்குனாலும் நான் பொறுத்துக்கிருவேன். இல்லேன்னா மொத்தமா வச்சிருங்க. வேற வழி எனக்கும் இல்ல."

"நெலத்த வித்து..." என்று ஆரம்பித்தாள் மகாலட்சுமி.

"யாருக்குக்கா? பக்கத்துலயே அன்னத்தாய் அக்கா கல்தூணக்கூட விக்க முடியாம வச்சிருக்கு. ரோட்டோரமா இருந்தாலாச்சும் பிளாட் போடுறவன் வருவான். இது உள்ளுக்குள்ள."

அவன் மிரட்டவில்லை. அவன் குரலில் மிரட்டல் இருந்திருந்தால் கர்ணன் எழுந்து சண்டைக்காவது போயிருப்பான். வெளியே அன்னத்தாய் வீட்டு ஆடு கத்தியது. கடைசியில் கர்ணன்தான் கேட்டான், ஏதோ அடுத்தவன் தோட்டத்தைப் பற்றி விசாரிப்பது போல.

"மருந்துக்கு எவ்வளவு தருவ?"

விஜய்ராஜ் சொன்னான்.

"அதுல பாதி போதும்," என்றாள் மகாலட்சுமி. இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "மிச்சத்துக்கு நாங்க பாத்துக்கிறோம். கடன் இனிமே ஏறக் கூடாது. எறங்கலைன்னாலும் ஏறக் கூடாது."

அவன் போன பிறகு கர்ணன் கேட்டான், "மிச்சத்துக்கு என்ன பண்றதா இருக்க?"

"நான் மலைக்கிப் போறேன்."

"நீயா? நம்ம தோட்டத்துல கூலிக்கி வந்தவுகளோடயா?"

"அவுக வண்டிய நீங்கதான ஓட்டுறீக."

அவன் விஜய்ராஜ் குடித்த சொம்பை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு, "மருந்தடிக்கிறது, தண்ணி பாய்ச்சுறதெல்லாம்?" என்றான்.

"அன்னத்தாயக்கா பாத்துக்கிரும், நான் கேட்டுக்கிறேன். ஞாயித்துக்கெழம நீங்க மருந்தடிங்க. இந்தக் கொடி சாகணும்னு நெனச்சீக. இப்ப நீங்கதான் அதக் காப்பாத்தணும்."

மாசிக் கடைசியில் கவாத்து நடந்தது. சண்முகத்தாய் ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வந்து வெட்டிக் கொடுத்தாள். கர்ணன் நாள் முழுக்க அவர்களோடு நின்று வெட்டினான், தலை நிமிர்ந்து யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் பந்தலில் இலை ஒன்றுகூட இல்லை. கம்பியும் கட்டையும் மட்டும் இருந்தது.

மறுநாள் இருட்டோடு எழுந்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, மகாலட்சுமி கர்ணனோடு கிளம்பினாள். நிறுத்தத்தில் நின்ற ஜீப்பில் ஏறியிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி முன்சீட்டிலிருந்து இறங்கி, "இங்கன உக்காருங்க," என்றாள்.

"நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு மகாலட்சுமி பின்னால் ஏறினாள். ஏற்கெனவே ஆள் மேல் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள். சண்முகத்தாய் ஒதுங்கிக் கொடுத்தாள். முழங்கால் முழங்காலோடு இடித்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். கண்ணாடியில் கர்ணனின் கண் தெரிந்தது. அவன் ரோட்டை மட்டும் பார்த்தான்.

ஏலத் தோட்டத்தில் முதல் வேலை தண்ணீர் சுமப்பது. போன கோடையில் அந்தச் சரிவு முழுக்க ஏலச்செடி வெயிலில் காய்ந்து செத்திருந்தது. இப்போது புதுக் கன்று வைத்து, மேலே பச்சை வலை கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் ஊற்ற வேண்டும். மண் தண்ணீரை உடனே குடித்துவிட்டு மறுபடி வெளுத்தது.

"இன்னும் மழையக் காணோமே," என்றாள் சண்முகத்தாய், குடத்தை இறக்கிவிட்டு. "பங்குனிக்குள்ள ஒரு மழை விழுந்தாத்தான் இது பிழைக்கும் ஆத்தா. போன வருசம் மாதிரி ஆச்சுன்னா சித்திரையில எல்லாரையும் நிறுத்திருவாக."

"நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டா என்ன, கீழதான்." சண்முகத்தாய் சிரிக்கப் பார்த்தாள். "கீழ உன் தோட்டம் இருக்குல்ல."

மகாலட்சுமி காலடியில் இருந்த கன்றைப் பார்த்தாள். இரண்டு இலையின் நுனி பழுத்திருந்தது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மண் கரையாதபடி மெல்லத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு வெற்றுக் குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.